சிவந்து செத்த புழு

வெண்மதி ஒரு மாதமாகப் புழுக் கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை.

சென்னப்பன் கொட்டாயில் பட்டுப்புழு வளர்க்காத வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லா வீட்டிலும் ஒரே வழக்கம்தான். பெண்கள் தூரமான நாட்களில் கொட்டகைப் பக்கம் போகமாட்டார்கள். போனால் புழுவுக்குப் பால் நோய் கண்டுவிடும் என்று பேச்சு. பட்டு ஆபீசர் வந்து அப்படியெல்லாம் ஒன்றும் இல்லையம்மா என்று சொல்லும்போது தலையை ஆட்டுவார்கள். அவர் வண்டி திரும்பியதும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி மாதம் முழுவதும் வெளியே நின்றால் சும்மா விடுவார்களா? குழாயடியில் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னாடி வெண்மதி, ஆடி மாசம் முச்சூடும் தூரமா உனக்கு?"

"ஆமாக்கா. ஆவணியும் சேத்து வெச்சிக்கோ," என்று குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

கோபம் வராமல் இல்லை, வந்தது. ஆனால் தன் வீட்டுப் பின்னறையில் என்ன வளர்கிறது என்று அவள் உடைத்துச் சொல்லியிருந்தால் குழாயடி சிரித்திருக்காது, பயந்திருக்கும். பட்டுப்புழுவை நம்பிப் பிழைக்கிற ஊரில் ஒருத்தி புழுவைக் கொல்கிற புழுவை வளர்க்கிறாள் என்பது லேசான சேதியா?

எல்லாம் கரும்பால் வந்த வினை. வெண்மதியின் புருசன் மாதுவுக்கு மேட்டில் ஒரு துண்டு கரும்பு, அதற்கு அடுத்த தாழ்வில் மல்பெரி. கிணறும் ஒன்று, வாய்க்காலும் ஒன்று. கோடை மழை பெய்த சாயங்காலங்களில் வேப்ப மரமெல்லாம் வண்டு மொய்த்துக் கிடந்தது. வண்டு எந்தக் காலத்தில் இல்லை என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்த வண்டு மண்ணுக்குள் முட்டை வைத்துவிட்டுப் போனது ஆடியில்தான் தெரிந்தது. மாது கரும்பில் காய்ந்த சோகை இலையை உரிக்கப் போனவன் ஒரு தூரைப் பிடித்து இழுத்தான். தூர் கையோடு வந்துவிட்டது, அடியில் வேரே இல்லை. குழிக்குள் கட்டைவிரல் தண்டி வெள்ளைப் புழு ஒன்று சுருண்டு படுத்திருந்தது. அடுத்த தூரிலும் இருந்தது, அதற்கடுத்ததிலும் இருந்தது. மாது அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

பக்கத்து நிலத்துக்காரன் பச்சியப்பன், மாதுவுக்குப் பெரியப்பன் மகன், வந்து பார்த்தான்.

"இதுக்குப் போயி எழவு வூட்டுல உக்காந்தாப்ல உக்காந்திருக்கற? குருணை மருந்த வாங்கித் தூவி தண்ணியக் கட்டுடா. நான் போட்டுட்டேன், போ."

"தண்ணி கீழ மல்பெரிக்கில்லண்ணா போவுது."

"போனா?"

"தழையில ஏறுமில்ல. அதத் தின்னா புழு என்னாத்துக்காவும்?"

பச்சியப்பனுக்கும் தெரியும். போன வருடம் கீழ்க்கோடி வீட்டில், பக்கத்துத் தக்காளிக்கு அடித்த மருந்து காற்றோடு வந்து தழையில் படிந்துவிட்டது. கூடு கட்டும் பதத்துக்கு வந்திருந்த புழு மொத்தமும் தலையைத் தூக்கித் தூக்கிப் பச்சையாகக் கக்கிச் செத்தது. அள்ளிக் குழியில் கொட்டும்போது அந்த வீட்டுக்காரி போட்ட சத்தம் ஊருக்கே கேட்டது. ஆக, குருணை போட்டால் கரும்பு தேறும், பட்டு போகும். போடாவிட்டால் பட்டு நிற்கும், கரும்பு மண்ணோடு சாயும். இரண்டில் ஒன்றை விட்டால் அந்த வீட்டுக்கு வருடம் ஓடாது.

வழி கொண்டுவந்தது வெண்மதிதான். பொம்மிடிப் பக்கம் லூர்துமேரி என்று அவளுக்கு ஒரு சிநேகிதி, மகளிர் குழுப் பயிற்சியில் பழக்கம். பாக்குத் தோப்புக்காரர்களுக்கு, வேர் தின்னும் புழுவைக் கொல்கிற நூற்புழு வளர்த்துக் கொடுப்பது அவளுடைய தொழில். வெண்மதி அவள் வீட்டில் போய் இருந்து கற்றுக்கொண்டு, நூற்புழு ஏற்றிய ஈரப் பஞ்சு ஒரு துண்டும் டப்பா நிறைய மெழுகுப்புழுவுமாக பஸ் ஏறி வந்தாள். மெழுகுப்புழு என்பது தேன்கூட்டில் மெழுகைத் தின்று வளர்கிற வெள்ளைப் புழு. நூற்புழுவுக்கு அதுதான் தீனி.

அன்றைக்கு மத்தியானம் களிக்கு முன்னால் உட்கார்ந்துதான் மாது கேட்டான்.

"நூற்புழுவா? ஏய், அதுதான் மல்பெரி வேர முடிச்சு முடிச்சாப் பண்ணிட்டுப் போவுது. தக்காளிய ஒழிக்குது. அத வூட்ல வெச்சி வளக்கறேன்னு வந்து நிக்கறியே, நல்லாத்தான் இருக்கறியா?"

"அது வேற சாதிங்க. இது வேரத் தொடாது. மண்ணுல இருக்கற புழுவத் தேடித்தான் போவும்."

"கண்ணுக்கே தெரியல. இது அந்தக் குண்டுப் புழுவக் கொல்லுமா?"

"இது எங்க கொல்லுது? இது வவுத்துல ஒரு கிருமி வெச்சிருக்குது. வெள்ளப் புழுவோட வாயிலயோ மூச்சு விடற ஓட்டையிலயோ பூந்து, உள்ள போயி அந்தக் கிருமியத் துப்பிடும். கிருமிதான் மளமளன்னு பெருகி ரெண்டு நாள்ல ஆள முடிக்கறது."

"அதுவரைக்கும் இது என்னா, வேடிக்க பாக்குமா?"

"அது ஆக்கி வெக்கற கஞ்சிய இது குடிச்சிக்கிட்டு உள்ளயே குட்டி போடும். செத்த புழு நாறாதுங்க. வேற எந்தக் கிருமியையும் அது உள்ள வுடாது. செங்கல்லாட்டம் செவந்து கெடக்கும், அவ்ளதான். தீனி தீந்ததும் குட்டிங்க வெளிய கெளம்பும். கெளம்பறப்ப ஆளுக்குக் கொஞ்சம் கிருமிய வவுத்துல வாங்கிக்கிட்டுத்தான் கெளம்பும். நாம குடிமாறிப் போனா உறமோரு எடுத்துக்கிட்டுப் போறமில்ல, அப்பிடி."

"உறமோரு எடுத்துக்காமப் போனா?"

"அப்ப அது வெறும் நூலுதான். உள்ள பூந்து என்னா பண்றது? கிருமி இல்லாம அதுக்குக் கஞ்சியும் இல்ல, குட்டியும் இல்ல. இது இல்லாம கிருமிக்கு ஒரு புழுவுலருந்து இன்னொரு புழுவுக்குப் போவ வழியில்ல."

மாது களியைப் பிட்டுக் கீரைக் கடைசலில் புரட்டி விழுங்கினான். களியை மெல்லுகிறவன் எங்கள் பக்கத்தில் கிடையாது, ஆனால் அன்றைக்கு அவன் கொஞ்சம் மென்ற மாதிரிதான் இருந்தது.

"நம்ம பட்டுப்புழுவுக்குள்ள பூந்துட்டா?"

வெண்மதி மழுப்பவில்லை. "பூரும். அதுக்கு வெள்ளப் புழு பட்டுப்புழுன்னு தெரியுமா? அதான் சொல்றேன். இனிமே கொட்டகை உங்க கை, பின்னறை என் கை. இதத் தொட்டவங்க தலைக்கு ஊத்தாம, துணி மாத்தாம கொட்டகைக்குள்ள போவக்கூடாது."

அப்படித்தான் வீடு இரண்டாகப் பிரிந்தது. விடிந்தால் மாது தழை வெட்டப் போவான். கொட்டகையைப் பெருக்குவது, தழை போடுவது, புழுக்கை அள்ளுவது, முன்பு இரண்டு பேர் செய்ததையெல்லாம் அவன் ஒருவனே செய்தான். வேலையோடு வேலையாக, ஒரு குச்சியால் செத்த புழுவையும் சீக்குப் புழுவையும் பொறுக்கிச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டுக்கொண்டே போவான். பட்டுப்புழுக்காரனுக்கு அதுதான் முதல் பாடம். ஒரு சீக்குப் புழுவை விட்டு வைத்தால் மறுநாள் தட்டே போய்விடும்.

வெண்மதி பின்னறையில் சன்னலுக்குக் கோணி கட்டி, ஈரத்தாள் விரித்த தட்டுகளில் மெழுகுப்புழுவை விட்டு, லூர்துமேரி கொடுத்த பஞ்சைப் பிழிந்துவிட்டாள். முதல் தட்டு சிவந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல வெயில் நேரத்தில் மாதுவை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"பட்டப்பகல்ல கதவச் சாத்தறியே, ஊரு என்னா பேசும்?"

"சீ, சும்மா இருங்க. கண்ணு பழகட்டும். அந்தக் கிருமிக்கு ஒளி இருக்குதுங்க. உத்துப் பாருங்க, லேசாத் தெரியும்."

மாது வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ம், தெரியுது தெரியுது," என்றான்.

அந்த முதல் தட்டுப் புழுவைக் கரும்பில் தலைவாய்க்காலை ஒட்டிய இரண்டு பார் வரிசையில், தூருக்குத் தூர் பக்கத்தில் புதைத்தாள். மீதி நிலம் முழுவதற்கும் போட அடுத்தடுத்த தட்டுகளை ஏற்றினாள். புதைத்த இடத்தில் கரும்பு ஒன்றும் தேறின மாதிரி தெரியவில்லை. பச்சியப்பன் வரப்பில் நின்று சிரித்தான். "மருந்து போடச் சொன்னா இவ புழுவுக்குப் புழுவ வெச்சி விருந்து போடறா. டேய் மாது, எங்கிட்ட அரை மூட்ட குருணை மிச்சமிருக்குது. எப்ப புத்தி வருதோ அப்பச் சொல்லு."

ஆவணி நடுவில் பொம்மிடியில் வெண்மதியின் சின்னம்மா தவறிப் போனாள். பின்னறைத் தட்டுகளெல்லாம் அப்போதுதான் நன்றாகச் சிவந்து, கரும்புக்குப் போகத் தயாராக இருந்தன. போகாமல் இருக்க முடியுமா? தூக்கி வளர்த்தவள். கிளம்பும்போது மாதுவிடம் சொன்னாள்.

"ஒருக்கா எட்டிப் பாருங்க. கறுத்து நாறுறது ஏதாச்சும் இருந்தா அதமட்டும் எடுத்துப் போட்டுருங்க. அது கெட்டுப்போனது. தாளு காயாம ஈரம் தெளிச்சிருங்க."

மறுநாள் மத்தியானம் அவள் திரும்பி வந்தபோது மாது வாசலிலேயே நின்றான். முகத்தில் ஒரு பெருமை. இந்த ஒரு மாதத்தில் அவன் பின்னறை வேலையில் கை வைத்தது இதுதான் முதல் தடவை.

"போயி பாரு உன் ரூம. பளிச்சுனு இருக்கும். செத்தது ஒண்ணு விடாமப் பொறுக்கிட்டேன்."

வெண்மதி கையிலிருந்த பையைக் கீழே வைக்கவில்லை.

"எது செத்தது?"

"தட்டுல... கறுத்தது ரெண்டு மூணு இருந்திச்சி. அதத்தான் மொதல்ல எடுத்தேன். அப்பறம்..." அவன் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் அவனுக்கே உறைத்தது.

பின்னறையில் தட்டுகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மூலையில் சுண்ணாம்புத் தண்ணீர்ப் பேசின். அதன் அடியில் சிவப்புப் புழுக்கள் அத்தனையும் வெந்து வெளுத்துக் கிடந்தன. டப்பாக்களில் உயிரோடு இருந்த மெழுகுப்புழுக்கள் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் தவிட்டைத் தின்றுகொண்டிருந்தன.

"சொன்னேனேங்க. செவந்துதான் சாவும்னு சொன்னேனே."

"சொன்ன. சொன்னதான், நான் இல்லன்னு சொல்லல. கை போயிடுச்சி வெண்மதி. கறுத்தத எடுக்கக் குச்சியத் தொட்டேன், அப்பறம் அது பாட்டுக்குப் போவுது."

அவன் பொய் சொல்லவில்லை. இருபது வருடமாகச் செத்த புழுவைக் கண்டால் அந்தக் கை மூளையைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. அது வெண்மதிக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அவள் கத்தினாள்.

"தொட்ட கையோட கொட்டகைக்குப் போனீங்களா?"

"தலைக்கு ஊத்திக்கிட்டுத்தான் போனேன். அத மறப்பனா?"

"அத மறக்க மாட்டீங்க. நான் சொன்னதத்தான் மறப்பீங்க!"

சின்னம்மாவுக்காக அழுததில் மிச்சம் இருந்ததையும் சேர்த்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு லூர்துமேரிக்குப் போன் போட்டாள். லூர்துமேரி விசயத்தைக் கேட்டு முதலில் சிரித்துவிட்டாள்.

"உன் வூட்டுக்காரர கட்டிப் போட்டுட்டு இல்லடி ஊருக்குப் போவணும்!"

"சிரிக்காத லூர்துக்கா. வயிறு எரியுது. கொஞ்சம் பஞ்சு குடு, இப்பவே பஸ் ஏறி வர்றேன்."

"எங்கிட்ட இல்லியே சாமி. இருந்தத பூராவும் தோப்புக்காரங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க. அடுத்தது வர புரட்டாசி பாதி ஆயிடும்."

புரட்டாசி பாதியில் வேர் இருக்காது. கரும்பே இருக்காது. வெண்மதி போனை வைத்துவிட்டு மாதுவைப் பார்த்தாள்.

"போங்க. உங்கண்ணங்கிட்டயே அந்தக் குருணைய வாங்கியாந்து கொட்டுங்க. கரும்பாச்சும் நிக்கட்டும். பட்டு போனா போவட்டும். எனக்கு இனிமே தெம்பு இல்ல."

மாது வெளியே போனான். பச்சியப்பன் வீட்டுக்குத்தான் போகிறான் என்று நினைத்தாள். ஆனால் அவன் நேராகக் கொட்டகைக்குப் போய்த் தழை போட்டான். புழுக்கள் கடைசிப் பருவத்தில் இருந்தன, போடப் போட இழுக்கும் பசி. முடித்துவிட்டுப் பின்னறை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரத் தைரியம் இல்லை.

"வெண்மதி. பாலு இருக்குது, உற போச்சி. அவ்ளதான?"

அவள் கவிழ்த்திருந்த தட்டுகளை எடுத்து அடுக்கினாள்.

"வூட்ல உற போச்சின்னா பொம்பளைங்க என்னா பண்ணுவீங்க?"

"அது ஒண்ணுதான் கொறச்ச இப்ப. பக்கத்து வூட்ல வாங்குவோம்."

"போன வாரம் நீயே ஒரு வூட்டுக்கு உற குடுத்திருந்தா?"

"அங்கியே போயிக் கேப்..." வெண்மதி நிமிர்ந்தாள்.

"தலைவாய்க்கா ஓரம் ரெண்டு பாருக்குக் குடுத்தியே. போயிக் கேட்டுப் பாப்போம் வா."

"அங்க ஒண்ணும் புடிக்கலீங்க. கரும்பு அப்பிடியேதான் இருக்குது. நானும் தெனமும் பாக்கறேன்."

"மேல பாத்த. தோண்டிப் பாத்தியா?"

தோண்டவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. தோண்டிப் பார்த்து இல்லையென்று தெரிந்துவிட்டால் அப்புறம் எதை வைத்து அவனோடு சண்டை போடுவது? அதை அவனிடம் சொல்லவில்லை, மண்வெட்டியை எடுத்தாள்.

மேகம் கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்து, ஒரு சொட்டுப் போடாமல் மேலேயே நின்றுகொண்டு புழுக்கியது. கரும்புக்குள் காற்றே இல்லை. சோகை கையையும் கழுத்தையும் கிழித்தது. வெண்மதி மண்வெட்டியால் தூரைச் சுற்றி மண்ணைத் தளர்த்தினாள், மாது முழங்காலிட்டுக் கையால் துழாவினான். முதல் தூரில் வெள்ளைப் புழு, உயிரோடு, கொழுத்துச் சுருண்டு கிடந்தது. அடுத்ததிலும் அதுவே. ஒன்று மாதுவின் விரலைக் கடித்தது. பார் முடிகிற வரைக்கும் அதுவேதான். வெண்மதி மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"போதுங்க."

"இரு. தண்ணி எங்க தேங்கி நிக்கும்? கீழ் மொனையிலதான?"

"நான் பொதச்சது மேல் மொனை."

"நீ மேல வெச்ச. தண்ணி அங்கியே வுட்டு வெக்குமா?"

கீழ் முனையில் மண் குழைந்து ஈரமாக இருந்தது. மாது கையை முழங்கை வரை விட்டான். துழாவிக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்தி, மெதுவாக வெளியே எடுத்தான். உள்ளங்கையில் ஒரு வெள்ளைப் புழு. வெள்ளை இல்லை. தலை தொங்கி, தொளதொளத்து, சுட்ட செங்கல் நிறத்தில் கிடந்தது. முகர்ந்து பார்த்தான். மண் வாசனை தவிர ஒன்றும் இல்லை. பக்கத்துத் தூரில் இன்னொன்று. அதற்கும் கீழே இரண்டு.

"வெண்மதி, உன் ஆளுங்க இங்க குடி வந்திருக்காங்க பாரு!"

வெண்மதிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "குடுங்க, குடுங்க," என்று கையை நீட்டினாள்.

மாது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "நீ தொடாத."

"ஏன்?"

"நான் தொட்டுட்டேன். நீயும் தொட்டுட்டா சாயங்காலம் தழை யாரு போடறது? இன்னிக்கு வவுறு காஞ்சா கூடு கட்டாது. ஈரம் இருக்கறப்பவே இதுங்களை எடுத்து மத்த பாருல வெச்சாவணும். வேல ரெண்டு இருக்குது, ஆளு ரெண்டு பேரு இருக்கறோம். நீ போயி தலைக்கு ஊத்திக்கிட்டு கொட்டகையப் பாரு."

வெண்மதி அசையாமல் நின்றாள். இந்த வேலையை இவன் கையில் விட்டுவிட்டா? காலையில்தான் அத்தனையும் சுண்ணாம்பில் போட்டவன். அவள் முகத்தில் ஓடியதை அவனும் படித்துவிட்டான்.

"அன்னிக்கு இருட்டுல தெரியுதுன்னு சொன்னேனே, எனக்கு ஒண்ணும் தெரியல. உன் மனசு நோவக் கூடாதேன்னு சொன்னேன். இது தெரியுது. எப்பிடி வெக்கணும்னு சொல்லிட்டுப் போ."

"ரெண்டு வெரல் ஆழம். வேர ஒட்டி. மேல ஈர மண்ணப் போட்டு மூடணும், வெயில் படக்கூடாது. நசுக்கிடாதீங்க. நாலு மட்டும் ஈரத்துணியில சுத்தித் தனியா வைங்க, டப்பாவுல இருக்கறதுக்கு உற ஊத்தணும்."

"சரி."

"உசுரோட இருக்கறத எடுக்காதீங்க. அப்பிடியே வுட்டுருங்க, இதுங்களுக்கு அதுதான் தீனி."

"சரிங்கறனில்ல. போ."

அவள் போனாள். இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் கிணற்றடியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிற சத்தம் கேட்டது, அப்புறம் கொட்டகைக் கதவின் தாழ்ப்பாள் சத்தம்.

மாது முழங்காலிலேயே நகர்ந்து நகர்ந்து போனான். ஒரு தூரில் சிவந்ததை எடுப்பான். பக்கத்துப் பாரில் இரண்டு விரலால் குழி பறித்து, அதில் கிடத்தி, ஈர மண்ணை அள்ளி மூடுவான். வெள்ளைப் புழு கண்ணில் பட்டபோதெல்லாம் நசுக்கச் சொல்லிக் கை துடித்தது. அடக்கிக்கொண்டான். நிலம் பெரிது, கிடைத்தது கொஞ்சம். கால்வாசிக் கரும்பு எப்படியும் சாயும் என்று அவனுக்குத் தெரிந்தது. மீதியை விடுவதாக இல்லை.

வரப்பில் மொபெட் வந்து நின்றது. பச்சியப்பன், முன்னால் அரை மூட்டைக் குருணையோடு. வெண்மதி போட்ட சத்தத்தில், தட்டெல்லாம் சுண்ணாம்பில் போன கதை அதற்குள் வீடு தாண்டி அவனை எட்டிவிட்டிருந்தது.

"எல்லாம் கேள்விப்பட்டேன்டா. சரி வுடு, இனிமேலாச்சும் புத்தியாப் பொழ. ந்தா, எறக்கு."

"நீயே வெச்சிக்கண்ணா."

பச்சியப்பன் வண்டியில் இருந்தபடியே கரும்புக்குள் குனிந்து பார்த்தான். "அப்ப மண்டி போட்டுக்கிட்டு என்னாத்தப் பண்ற? புழுப் பொறுக்கறியா?"

மாது உள்ளங்கையில் இருந்த சிவந்த புழுவைக் குழியில் வைத்து, மண்ணைத் தள்ளி, மேலே கையை வைத்து மெதுவாக அழுத்தினான்.

"பொறுக்கலண்ணா. நடறேன்," என்று சொல்லிவிட்டு அடுத்த தூருக்கு நகர்ந்தான்.